முதல் மிதி

மரக்காணத்து உப்பளங்களில் வரப்புக்கு ஆயுள் ஓராண்டுதான். ஐப்பசி அடைமழையில் கழுவெளி ஏரி பெருகி, ஓடையும் அளமும் ஒரே வெள்ளமாகி, அதுவரை கட்டிக்காத்த கரைகளெல்லாம் கரைந்து போகும். தை பிறந்து தண்ணீர் வடிந்த பின், வானத்தைத் தவிர வேறெதையும் காட்டாத அந்தச் சேற்றுவெளியில், இது என்னுடையது, அது உன்னுடையது என்று மனிதன் மறுபடியும் முதலிலிருந்து சொல்லத் தொடங்க வேண்டும்.

அப்படிச் சொல்லும் முறைக்கு முதல் மிதி என்று பெயர். குடும்பத்தில் மூத்த ஆண்மகன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, நெற்றியிலும் மார்பிலும் சிலுவை அடையாளம் வரைந்து, சேற்றில் வலக்காலை ஊன்றுவான். இந்துக்களாயின் கிழக்கே நோக்கிக் கும்பிட்டுவிட்டு ஊன்றுவார்கள். அந்தக் கால் பதிந்த தடத்தின்மேல் அந்த ஆண்டின் வரப்பு எழும். ஆட்கள் வரிசையாக நின்று களிமண்ணை மிதித்து இறுக்கி உயர்த்துவார்கள். தடம் ஏன் இங்கே விழுந்தது என்று எவரும் கேட்பதில்லை.

சேவியர்ராஜின் கால் ஆண்டுக்கு ஓரடி கிழக்கே விழுந்தது. அவன் தம்பி ஆரோக்கிய பிரபு மஞ்சள் காமாலையில் இறந்த ஆண்டில் தொடங்கிய வழக்கம் அது. மேற்கே சேவியர்ராஜின் நிலம். அதை ஒட்டிக் கிழக்கே தம்பியின் நிலம். அதற்கும் கிழக்கே அரசாங்கத்து ஓடை. தம்பி மனைவி சூசைமேரி முதலாண்டில் அழுதாள். மறுஆண்டில் பங்குச் சாமியாரிடம் முறையிட்டாள். சாமியாரோ, ஞாயிறு பூசையில் கணீரென்று வாசகம் படிக்கும் சேவியர்ராஜின் குரலை மெச்சியவர். பொறுமையாயிரு என்று சொல்லி அனுப்பினார். அதற்கு அடுத்த ஆண்டு அவள் அழவுமில்லை, முறையிடவுமில்லை. மூத்தார் மேற்கு வரப்பை எவ்வளவு தள்ளினாரோ அவ்வளவு தன் கிழக்கு வரப்பை ஓடைக்குள் தள்ளிப் போட்டுக்கொண்டாள். ஓடைக்கு வாய் இல்லை.

இவ்வாறு ஆண்டுக்கு ஓரடியாக நடந்து நடந்து, சூசைமேரியின் பாத்திகள் பாதியளவு ஓடைக்குள் போய் நின்றன. மாமனார் காலத்து எல்லைக்கற்களுள் ஒன்று சேவியர்ராஜின் பாத்திக்கு நடுவிலும், மற்றொன்று அவளுடைய பாத்திக்கு நடுவிலும் உப்புக்கு அடியில் கிடந்தன. உப்பு வாரும் பலகை இடித்து நின்றால், “பெரியவரு கல்லு” என்று சொல்லி ஆட்கள் சுற்றிப் போவார்கள்.

இந்த நிலையில்தான் ஓடைக்கரையோரமாகப் புதிய சாலை போடுவதற்கு அரசாங்கம் நிலமெடுக்க வந்தது. எடுக்கப்படுவதில் பெரும்பகுதி சூசைமேரியின் நிலம். சேவியர்ராஜின் அளத்துக்குக் கடல்நீர் கொண்டுவரும் வாய்க்கால் முழுவதும் அதனோடு போகும். பகை பாராட்டியிருந்த இருவரும் ஒரே வக்கீலைப் பிடித்து, ஒரே பிரமாணப் பத்திரத்தில் கையெழுத்திட்டு உயர்நீதிமன்றம் போனார்கள். ‘நிலம் வரைபடத்தில் கண்ட எல்லைகளின்படியே எங்கள் அனுபவத்தில் இருந்துவருகிறது என்று சத்தியமாய் உறுதி கூறுகிறோம்’ என்று வக்கீல் தெய்வசிகாமணி படித்துக் காட்டியபோது சேவியர்ராஜ் தலையசைத்தான். சூசைமேரிக்குப் பேனா பிடித்த கை ஒருகணம் நின்றது. பிறகு அவளும் போட்டாள்.

அரசுத் தரப்பின் பதில் கூர்மையாக வந்தது. அங்கே உப்பு விளைவது பட்டா நிலத்தில் இல்லை, ஓடைப் புறம்போக்கில்; ஆக்கிரமிப்பாளருக்கு அறிவிப்பும் தேவையில்லை, இழப்பீடும் தேவையில்லை; பொய்ச் சத்தியம் செய்தவர்களின் மனுவையே தள்ளிவிட வேண்டும் என்றது. நேரில் பார்த்து எழுதிவரும்படி நீதிமன்றம் ஒரு பெண் வக்கீலைக் கமிஷனராக நியமித்தது.

வைகாசி மாதம். மேல்காற்று உலர்ந்து வீச, பாத்திகளில் உப்பு முற்றிப் பூத்திருந்தது. பெருமுக்கல் மலை மேற்கே கானலில் மிதந்துகொண்டிருந்தது. முத்தம்மாளும் பக்கிரியும் மற்ற ஆட்களும் சூசைமேரியின் பாத்தியில் உப்பு வாரிக்கொண்டிருந்தபோது, மகன் ரெக்ஸின் பைக்கில் பின்னால் உட்கார்ந்து சேவியர்ராஜ் வந்து இறங்கினான். ரெக்ஸ் ஆரோவில்லில் ஒரு விருந்தினர் விடுதியில் கணக்கு பார்ப்பவன்.

“ஏம்மா சூசை, நாளன்னிக்கு கமிஷனர் வருதாம். கவர்மென்ட் சர்வேயரும் மிஷினோட வர்றானாம்.”

“வரட்டும் மாமா.”

“வரட்டும்னா என்னா அர்த்தம்? உன் கிழக்கு வரப்பு ஓடைக்குள்ள போய் குந்திக்கினு இருக்குது. அத பாத்துட்டா கேஸ் அன்னிக்கே காலி. நாளைக்குள்ள வெட்டிட்டு பழைய கல்லுக்கு உள்ள வந்துடு.”

“வந்துடறேன். நீங்களும் வந்துடுவீங்கல்ல?”

“நான் எங்க வரணும்?”

“உங்க பழைய கல்லுக்கு.”

வாரும் பலகைகளின் ஓசை நின்றது. முத்தம்மாள் முந்தானையால் வாயை மூடிக்கொண்டு ஓடையைப் பார்த்தாள்.

“அந்தாண்ட யாரும் வர மாட்டாங்க,” என்றான் சேவியர்ராஜ். “தகராறு ஓடைப்பக்கம் மட்டும்தான். வக்கீலே சொல்லிட்டாரு.”

“நான் கிழக்கால உள்ள வந்துட்டா, நீங்க மேற்கால அங்கியே நின்னா, நடுவுல எனக்கு என்னா மிச்சம்? ஒரு மாடு படுக்கலாம்.”

“மாடு வாங்கி கட்டிக்கோ. புறம்போக்க திருடினவ பேசற பேச்சா இது?”

“திருடினேன்தான். அத பாவசங்கீர்த்தனத்துல சாமியார்கிட்ட சொல்லிட்டேன். நீங்க சொன்னீங்களா மாமா?”

பக்கிரி குனிந்து, இல்லாத உப்பை வாரினான். சேவியர்ராஜின் கழுத்து நரம்பு எழுந்தது.

“வாய கிழிச்சுடுவேன். நான் மட்டும் கோர்ட்டுக்கு போகலன்னா உன்னை என்னிக்கோ தூக்கி வெளிய போட்டிருப்பாங்க.”

“சித்தி, விடுங்க,” என்றான் ரெக்ஸ் இடையில் புகுந்து. “முதல்ல கேஸ் ஜெயிக்கட்டும். அப்புறம் உக்காந்து பேசிக்கலாம்.”

“உங்கப்பா உக்காருவாருடா. பேச மாட்டாரு.”

“நீ வெட்டலன்னா நான் ஆள வச்சு வெட்டுவேன்,” என்று சொல்லிவிட்டுச் சேவியர்ராஜ் பைக்கில் ஏறினான். ஏறும்போதும் அவன் பார்வை மேற்கு வரப்பைத் தாண்டித் தன் பாத்தியில் முற்றிக் கிடந்த உப்பின்மேல் சென்று வந்ததைச் சூசைமேரி கவனித்தாள்.

உச்சிவேளையில் கொட்டகை நிழலில் ஆட்கள் கூழ்ச் சட்டியைச் சுற்றி அமர்ந்தார்கள். கேழ்வரகுக் கூழும், சுட்ட நெத்திலிக் கருவாடும், கடித்துக்கொள்ளச் சின்ன வெங்காயமும். உப்பில் வேலை செய்கிறவர்கள் கூழுக்கு உப்புப் போட்டுக்கொள்வது குறைவு. வியர்வையிலேயே அது வாய்க்கு வந்துவிடும். சூசைமேரிக்குக் கூழ் இறங்கவில்லை. புதுச்சேரியில் நர்சிங் படிக்கும் மகள் ஆன்மேரியின் நினைவு வந்தது. தகப்பன் விட்டுப்போன சொத்து என்று அந்தப் பெண்ணுக்கு இருப்பது இந்தச் சேறுதான். ஆயினும் அதைவிட ஆழமாக அவளை அரித்தது வேறொன்று. காலையும் மாலையும் செபமாலை உருட்டும் விரல்களால் அந்தச் சத்தியத்தில் கையெழுத்திட்டிருக்கிறாள். இட்ட எழுத்தை இனி அழிக்க முடியாது. ஆனால் வரப்பு சேறுதானே? எழுத்துக்குப் பொருந்தும்படி அதை மாற்றலாமே? இந்த எண்ணம் தோன்றியதும் அவள் கூழை எடுத்துக் குடித்தாள்.

“பக்கிரி, நாளைக்கு ஆள் கூட்டிக்கினு வா. ரெண்டு வரப்பும் போடணும்.”

“ரெண்டா?”

“கிழக்கால ஒண்ணு. மேற்கால ஒண்ணு. ரெண்டும் பழைய கல்லுல.”

பக்கிரி கருவாட்டுத் தலையைத் துப்பினான். “தை மாசத்து வேலைய வைகாசியில சொல்றியேம்மா. அது போவட்டும். முதல் மிதி யாரு?”

“நான்.”

“பொம்பள மிதிச்சு இந்த அளத்துல…”

“ஏன், ஆம்பள மிதிச்சது மட்டும் நின்ன எடத்துல நின்னுச்சா?” என்றாள் முத்தம்மாள். “வருஷா வருஷம் நடந்துல்ல போச்சு. கால் மொளச்ச வரப்ப நான் இங்கதான் பாத்தேன். திங்கக்கெழம அவருக்கு இந்தாண்ட தள்ளுவோம், செவ்வாக்கெழம இந்தம்மாவுக்கு அந்தாண்ட தள்ளுவோம். இன்னும் கொஞ்ச நாள் போனா கடலுக்குள்ள போய் மீன் புடிச்சிருக்கலாம்.”

ஆட்கள் சிரித்தார்கள். பக்கிரி மட்டும் சிரிக்கவில்லை.

“உன் மூத்தாரு அப்புறம் என்னை வேலைக்கு கூப்பிட மாட்டாரு.”

“இங்க ரோடு வந்துட்டா யாருய்யா உன்னை கூப்பிடுவாங்க?” என்றாள் சூசைமேரி. “தார் ஊத்தவா போவ?”

அவன் சட்டியைக் கவிழ்த்து வைத்துவிட்டு எழுந்தான். “காத்தால வந்துடறோம்.”

மறுநாள் வெள்ளி முளைத்து வானம் வெளுக்கும்போதே மண்வெட்டிகள் வந்துவிட்டன. கிழக்கே, தன் பாத்திக்கு நடுவில் கிடந்த கல்லின் மேலிருந்த உப்பைக் கையால் தள்ளிவிட்டு, சூசைமேரி சிலுவை அடையாளம் வரைந்தாள். புடவையை முழங்காலுக்கு மேல் ஏற்றிச் செருகிக்கொண்டு கல்லையொட்டி வலக்காலை ஊன்றினாள். களிமண் கணுக்கால் வரை விழுங்கிக்கொண்டது. உப்புப்பட்டுப் பாளம் பாளமாக வெடித்திருந்த குதிகாலில் உவர்நீர் எரிந்தது. அந்தத் தடத்தின்மேல் மண் விழுந்தது. ஆட்கள் ஒருவர் தோளை ஒருவர் பிடித்துக்கொண்டு மிதித்தார்கள்.

கிழக்கு வரப்பு எழுந்ததும், மேற்கு வரப்பைத் தாண்டிச் சேவியர்ராஜின் பாத்திக்குள் இறங்கினார்கள். அவன் உப்பு காலடியில் நறநறத்தது.

“மொதல்ல உப்ப வாரி அவரு மேட்டுல கொட்டுங்க,” என்றாள்.

“உன் பாத்தியில உப்பு அப்படியே கெடக்குதே?” என்றான் பக்கிரி. “ரெண்டையும் வார நேரம் இல்லம்மா.”

“கெடக்கட்டும். அவரு உப்புல ஒரு கல்லு என்கிட்ட இருக்கக் கூடாது.”

உப்பு குவிந்தது. இரண்டாவது கல்லையொட்டி அவள் கால் ஊன்றி, மேற்கு வரப்பும் பாதி எழுந்தபோது, சேவியர்ராஜ் வரப்புகளின்மேல் ஓடிவந்தான். பின்னால் அவன் மனைவி பவுலின், அவளுக்கும் பின்னால் ரெக்ஸ்.

“டேய் பக்கிரி! யார் அளத்துல எறங்கி நிக்கிறடா?”

பக்கிரி மண்வெட்டியை ஊன்றினான். “அது தெரிஞ்சுதாங்க நிக்கிறோம்.”

“புருஷன முழுங்கினவ, இப்ப எங்க அளத்த முழுங்க வந்துட்டா!” என்று பவுலின் மார்பில் அடித்துக்கொண்டாள். “உருப்படுவியாடி நீ? மாதா கேக்க மாட்டாளா?”

“கேக்கட்டும்க்கா. கேட்டா நல்லதுதான். உங்க வீட்டு மாடிப்படி எந்த உப்புல எழும்புச்சுன்னு சேத்தே கேக்கட்டும்.”

“போலீஸ கூப்பிடறேன்,” என்று சேவியர்ராஜ் போனை எடுத்தான்.

“கூப்பிடுங்க மாமா. வரப்ப நகத்திட்டான்னு சொல்லுங்க. யாரு நகத்தினது, எங்க இருந்து எங்கன்னு அளக்க அவங்களும் சர்வேயரத்தான் கூட்டியாருவாங்க.”

போன் பிடித்த கை தாழ்ந்தது. அவன் பாதி எழுந்த வரப்பின்மேல் பாய்ந்து ஓங்கி உதைத்தான். ஈரக் களிமண் அவன் காலை வாங்கிக்கொண்டது. உருவ முயன்றபோது செருப்பு உள்ளேயே தங்கிவிட, காலை மட்டும் தூக்கிக்கொண்டு தள்ளாடினான். ரெக்ஸ் பிடித்துக்கொண்டான்.

“அப்பா, நாளைக்கு காத்தால கமிஷனர். இத இப்ப கலைச்சா ரெண்டு பக்கமும் சேறாத்தான் இருக்கும். அவங்க என்னா எழுதுவாங்க?”

“நானே சொல்லுவேன்டா! இவ நேத்துதான் வெட்டினான்னு கமிஷனர்கிட்ட நானே சொல்லுவேன்!”

“சொல்லுங்க,” என்றாள் சூசைமேரி. “ஏன் வெட்டினான்னு திருப்பி கேப்பாங்க. அதுக்கும் பதில் யோசிச்சுட்டு வாங்க.”

அவர்கள் போனபிறகு முத்தம்மாள் சேற்றைத் துழாவிச் செருப்பை எடுத்து, சேவியர்ராஜின் உப்பு மேட்டின் உச்சியில் வைத்தாள். அன்று பொழுது சாய்வதற்குள் மேற்கு வரப்பு முழுதும் எழுந்தது. பின் ஓடைக்குள் நின்ற பழைய கரையைப் பக்கிரி வெட்டித் திறந்தான். ஓடைநீர் வாரப்படாத உப்பின்மேல் மெல்ல ஏறியது. வெண்பூ மங்கி, சாம்பலாகி, நீரோடு நீராயிற்று. சூசைமேரி அதைப் பார்த்துக்கொண்டே நின்று ஒரு செபமாலை சொல்லி முடித்தாள். பழம்பாடல்கள் இந்தக் கரையை நெய்தல் என்று பெயரிட்டு, இரங்கலை அதற்குரிய ஒழுக்கமாக வைத்தன. அவளோ இரங்கவில்லை. மண்வெட்டியைக் கழுவிச் சாத்திவிட்டு வீட்டுக்கு நடந்தாள்.

கமிஷனராக வந்த நிவேதா இளம்பெண். தொப்பியும் கான்வாஸ் ஷூவும் அணிந்திருந்தாள். சேற்றைக் கண்டதும் ஷூவைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டாள். அரசுத் தரப்பு சர்வேயர் அறிவழகன் மூன்றுகால் கருவியை ஊன்றிக் கிழக்கு வரப்பை அளந்தான். மறுபடி அளந்தான். வரப்பு கல்லின்மேல் நின்றது.

“மேடம், இது கண்ணுல மண் தூவற வேலை,” என்றான் எரிச்சலோடு. “மண்ணு இன்னும் காயல பாருங்க. அதோ, தண்ணிக்குள்ள பழைய கரை முதுகு தெரியுது. நேத்து வரைக்கும் அளம் அங்கதான் இருந்திருக்கு.”

நிவேதா சூசைமேரியை நோக்கினாள். “அம்மா, இவர் சொல்றது உண்மையா?”

இல்லை என்று ஒரு சொல் போதும். சூசைமேரியோ அந்த ஒரு சொல்லைச் சொல்லவில்லை.

“உண்மைதாங்க. ஓடைக்குள்ள போயிருந்தேன். தப்புதான். இப்ப வெளிய வந்துட்டேன். இப்ப நான் நிக்கறது என் பட்டா.”

“பாத்தீங்களா!” என்றான் அறிவழகன். “அவங்க வாயாலயே சொல்லிட்டாங்க.”

“சொன்னதையும் எழுதறேன் சார், அளந்ததையும் எழுதறேன். வரப்பு இன்னைக்கு எல்லைக்கல்லு மேலதான் இருக்கு. மீதியை கோர்ட் பாத்துக்கும்,” என்று நிவேதா எழுதிக்கொண்டே கேட்டாள்: “பட்டா நிலம் இவ்வளவு இருக்கும்போது ஏம்மா ஓடைக்குள்ள போனீங்க?”

ஆட்கள் எல்லாரும் தங்கள் கால்விரல்களைப் பார்த்தார்கள். சூசைமேரி மூத்தாரை ஏறிட்டு நோக்கினாள். அந்தப் பார்வையில் கெஞ்சலும் இல்லை, மன்னிப்பும் இல்லை. அவள் பார்வை போன திசையில் நிவேதாவின் பார்வையும் போயிற்று. அவள் மேற்கே நடந்து இரண்டாவது வரப்பருகே நின்றாள்.

“இதுவும் ஈரமா இருக்கே. இது யார் எல்லை?”

“எனக்கும் இவளுக்கும் பொதுங்க,” என்றான் சேவியர்ராஜ்.

“இது எப்பவும் இங்கதான் இருந்துச்சா? இல்ல, இதுவும் நகந்ததா?”

அறிவழகன் கருவியைத் தூக்கிக்கொண்டு ஆவலோடு நெருங்கினான். நகர்ந்தது என்றால் சேவியர்ராஜ் செய்த சத்தியம் பொய். வழக்கும் போகும், வாய்க்காலும் போகும். உப்பு மேட்டின் உச்சியில் அவனுடைய ஒற்றைச் செருப்பு வெயிலில் காய்ந்துகொண்டிருந்தது. அவன் தொண்டையைச் செருமினான். கோயிலில் வாசகம் படிக்கும் அதே கணீர்க் குரலில் சொன்னான்:

“உப்பளத்துல வரப்பு வருஷா வருஷம் புதுசுதாங்க மேடம். எடம் மட்டும் மாறாது. எப்பவும் இங்கதான். இது எங்கப்பா மிதிச்ச எடம்.”

எப்பவும் என்றது பொய். அப்பா மிதித்த இடம் என்றது உண்மை. இரண்டும் ஒரே வரியாக நிவேதாவின் தாளில் ஏறின.

“இதுல ஒரு கையெழுத்து போடுங்க.”

அவன் போட்டான். சூசைமேரியும் போட்டாள். இம்முறை அவள் கை நிற்கவில்லை.

கார் புழுதி கிளப்பிக்கொண்டு கடலோரச் சாலையை நோக்கிப் போயிற்று. சேவியர்ராஜ் அது மறையும் வரை பொறுத்திருந்து, பிறகு திரும்பினான். முகம் கறுத்திருந்தது.

“கேஸுக்காக சொன்னேன். தெரிஞ்சுக்கோ. எல்லாத்தையும் ஒத்துக்கினு வழக்கையே கெடுக்கப் பாத்தவ நீ. கோர்ட்டு என்னா சொல்லுதோ சொல்லட்டும். தை வரட்டும், அப்ப பாத்துக்கறேன் உன்னை.”

“வரட்டும் மாமா,” என்றாள் சூசைமேரி. “இனிமே கிழக்கால கால் வைக்கணும்னா உங்க கையெழுத்து மேலதான் வைக்கணும்.”

அவன் காறித் துப்பினான். உப்பு மேட்டின்மேல் ஏறிச் செருப்பை எடுத்தான்; சேறு இறுகிக் கல்லாகியிருந்த அதைப் போட்டுக்கொள்ள முடியாமல் கையில் பிடித்தபடி, ஒரு கால் வெறுங்காலாக மேற்கே நடந்தான்.

“நாளைக்கு என்னாம்மா வேலை?” என்று பக்கிரி கேட்டான்.

“பாத்திக்கு தண்ணி கட்டு. மொதல்ல இருந்து ஆரம்பிக்கணும்.”

அவள் குனிந்து, மேற்கு வரப்பு தொடங்கும் இடத்தில் மண் மூடாமல் எஞ்சியிருந்த தன் காலடித் தடத்தைப் பார்த்தாள். மேல்காற்று பட்டு ஈரம் வற்ற, வெடித்த குதிகாலின் கோடுகள் அதில் அப்படியே பதிந்திருந்தன. அந்தக் கோடுகளின் ஓரத்தில் உப்பு பூக்கத் தொடங்கியிருந்தது.